நிலம் அளந்த பிறகு தூக்கம் தொலைத்த ஒரு விவசாயி: நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவில் வரும் அம்மாவின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரையோ ஊரையோ அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், சிலவற்றை விட்டுவிட்டேன். நான் சேலத்தில் மனநல ஆலோசகராக வேலை செய்கிறேன். மனநல மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து இந்த அம்மாவுக்குச் சிகிச்சை கொடுத்தோம். பயத்துக்கு உண்மையான காரணம் இருந்து, அந்தக் காரணமும் இன்னும் தீராமல் இருக்கும் ஒருவருக்கு எப்படி உதவுவது என்ற கேள்வி இந்த வேலையில் அடிக்கடி வருகிறது. பதில் தேடும் மற்ற ஆலோசகர்களுக்காகவும் குடும்பங்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பின்னணி

2018-ன் தொடக்கத்தில் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. நீளம் சுமார் 277 கிலோமீட்டர், மதிப்பு ஏறக்குறைய 10,000 கோடி ரூபாய். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, காஞ்சிபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்கள் வழியாகப் போக வேண்டிய சாலை. அந்த ஆண்டு ஜூனில் சேலம் மாவட்டத்து ஊர்களில் போலீஸ் காவலோடு நிலம் அளந்து கல் நட்டார்கள். எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் கைதானார்கள்.

அந்த அம்மாவுக்கு அப்போது அறுபதை நெருங்கும் வயது. சேர்வராயன் மலையின் கிழக்கு அடிவாரத்தில், அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டி ஒரு ஊர். இரண்டரை ஏக்கர் நிலம்: பாக்கும் தென்னையும் ஒரு பக்கம், குச்சிக்கிழங்கு ஒரு பக்கம், கிணற்றோரம் கொஞ்சம் சம்பங்கி. கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கடன் வாங்கி அந்தக் கிணற்றை வெட்டியவர் அவர்தான். மகன் சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். மருமகளும் பேரனும் அம்மாவோடு ஊரில் இருக்கிறார்கள். கொழுந்தனாரையும் சேர்த்து நிலத்துக்குக் கூட்டுப் பட்டா.

அளக்க வந்த அன்று அம்மா சம்பங்கிக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது என்று குறுக்கே நின்றிருக்கிறார். இரண்டு பெண் காவலர்கள் கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் வேனில் ஏற்றினார்கள். மற்ற பெண்களோடு ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து மாலையில் விட்டுவிட்டார்கள். யாரும் அடிக்கவில்லை. ஆனால் அவருக்கு வீசிங் உண்டு. கூட்டம் நெருக்கிய வேனுக்குள் மூச்சு முட்டி, இதோடு சாவுதான் என்று நினைத்திருக்கிறார். "என் பூமியில நின்னதுக்கு என்னைத் திருடி மாதிரி தூக்குனாங்க கண்ணு. தலை அவுந்து கெடக்குது, முடிஞ்சுக்கக்கூட கை விடல" என்றார். பிறகு வந்த எல்லா அமர்வுகளிலும் ஏதாவது ஒரு இடத்தில் அந்த அவிழ்ந்த தலைமுடி பேச்சில் வந்துவிடும்.

எங்களிடம் வருவதற்கு முன்

முதல் வாரத்திலேயே தூக்கம் போனது. விடியற்காலை மூன்று மணிக்கு வியர்த்து எழுந்து உட்கார்ந்துகொள்வார். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் அடுப்பில் எரிவதை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துவார். கல் நட்ட பக்கம் போகவே இல்லை. சம்பங்கி பறிக்க ஆளில்லாமல் செடியிலேயே காய்ந்தது.

மருமகள் முதலில் பக்கத்து ஊர்ப் பூசாரியிடம் கூட்டிப்போனார். பயந்த கோளாறு என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். இதை நான் குறைவாகப் பேச மாட்டேன். "என்ன பார்த்துப் பயந்தே, முதல்ல இருந்து சொல்லு" என்று அவரிடம் முதன்முதலில் கேட்டவர் அந்தப் பூசாரிதான். அதன் பிறகு சில நாட்கள் கொஞ்சம் தூங்கியிருக்கிறார்.

அடுத்து ஒரு தனியார் மருத்துவர். ஈசிஜியும் ரத்த அழுத்தமும் சரியாக இருந்ததால் அல்பிரசோலம் மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதே சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாரா வாரம் வாங்கித் தொடர்ந்திருக்கிறார்கள். இந்த மாத்திரை தூக்கத்தைத் தரும், ஆனால் நாளடைவில் உடம்பு அதற்குப் பழகிவிடும். பேரதிர்ச்சியால் வந்த கோளாறு இதனால் குணமாவதில்லை.

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வருடா வருடம் சேலத்துக்கு வருபவர் அந்த வருடம் வர மறுத்துவிட்டார். மருமகள் நிஜமாகவே பயந்தது அப்போதுதான். ஆகஸ்ட் கடைசியில் எங்களிடம் அழைத்து வந்தார்.

கவனித்தவை

மடியில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் சிட்டா நகல், தீர்வை ரசீதுகள், ஆட்சேபணை மனுவின் நகல், கணவரின் இறப்புச் சான்று. பேசும்போது ஒரு கை பைக்குள்ளேயே இருந்தது. காகிதங்களை எடுக்காமல் விரலாலேயே ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். எங்கள் வாசலில் ஒரு வண்டி பிரேக் போட்டபோது பேச்சு நடுவில் நின்றது. மறுபடி தொடங்கியபோது என்ன சொல்லிக்கொண்டிருந்தோம் என்பதே அவருக்கு நினைவில் இல்லை.

வேனில் ஏற்றிய காட்சி கேட்காமலே வந்து வந்து போகிறது என்றார். சோறு இறங்கவில்லை. பேரன் மடியில் உட்கார்ந்தாலும் மனசு ஒட்டவில்லை. தற்கொலை எண்ணம் பற்றி நேராகவே கேட்டோம். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்ற பயம் குடும்பங்களுக்கு உண்டு, அது உண்மையில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அவரு வெட்டுன கெணறு. அதுலயே போய்ச் சேந்துடலாம்னு தோணுது" என்றார்.

இன்னொன்றும் சொன்னார்: "சிட்டாவுல என் பேரை எடுத்துட்டாங்க." கூடவே வந்திருந்த கொழுந்தனார் தலையை ஆட்டினார். நோட்டீஸுக்கே இன்னும் விசாரணை முடியவில்லை, அதற்குள் யார் பெயரை எடுப்பார்கள், அண்ணிக்குப் புத்தி பிசகிவிட்டது என்பது அவர் கருத்து. இந்த ஒரு வாக்கியத்தை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் சிகிச்சையின் திசை மாறும் நிலை. பயத்தோடு, மாறாத தவறான நம்பிக்கையும் இருக்கிறது என்று எழுதினால் மருந்து மாறும், நோயின் பெயர் மாறும், வீட்டில் அவருக்கு இருக்கும் இடமும் மாறும்.

சிட்டாவைப் பார்த்தோம்

பட்டா, சிட்டா விவரங்களை இணையத்தில் யாரும் பார்க்கலாம். மஞ்சப்பையில் இருந்த பழைய நகலில் புல எண்களை எடுத்து, மகனை அருகில் உட்கார வைத்துக்கொண்டு தேடினோம். ஒரு உட்பிரிவில் அந்த அம்மாவின் பெயர் இல்லை. திட்டத்துக்காக நிலம் எடுக்கும் தரப்பின் பெயர் ஏறியிருந்தது.

மகன் எழுந்து வெளியே போய்விட்டார். கொழுந்தனார் ஒன்றும் பேசவில்லை. அம்மா மட்டும், "நான் சொன்னேன்ல" என்றார். அன்றுதான் அவர் பைக்குள் இருந்த கையை வெளியே எடுத்தார்.

1970-களில் அதிபர் நிக்சன் பதவி இழக்கக் காரணமான வாட்டர்கேட் விவகாரத்தின்போது அமெரிக்காவில் மார்த்தா மிட்செல் என்ற பெண் உண்மையைச் சொன்னதற்காக மனநலம் கெட்டவர் என்று ஒதுக்கப்பட்டார். நடந்ததைச் சொல்பவருக்கு நோய்ப் பெயர் சூட்டிவிடும் தவறை உளவியலில் அவர் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். நம் ஊரில் படிப்பு குறைவான, வயதான, விதவைப் பெண் ஒருவர் விஷயத்தில் இது எவ்வளவு சுலபமாக நடந்துவிடும் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கனக்கிறது. சிட்டாவைப் பார்ப்பது பத்து நிமிட வேலை.

எடுத்த முடிவுகள்

முதலில் பாதுகாப்பு. பூச்சிமருந்து டப்பாக்களை வீட்டிலிருந்தும் மோட்டார் அறையிலிருந்தும் எடுத்து உறவினர் வீட்டில் பூட்டி வைக்கச் சொன்னோம். இரவில் மருமகள் பக்கத்தில் படுக்க வேண்டும், சில வாரங்களுக்கு அம்மா தனியாகக் கிணற்றடிக்குப் போக வேண்டாம் என்று பேசி முடிவு செய்தோம். அவரை வைத்துக்கொண்டே பேசினோம், முதுகுக்குப் பின்னால் எதையும் ஏற்பாடு செய்யவில்லை.

நோய்ப் பெயர் விஷயத்தில் எங்களுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. உயிருக்கு ஆபத்து என்ற அளவுக்குக் கடுமையான நிகழ்வு இருந்தால்தான் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு, அதாவது பிடிஎஸ்டி, என்று எழுதுவது வழக்கம். சில மணி நேரக் காவலை அப்படிச் சொல்லலாமா? மூச்சு முட்டிச் சாவை நினைத்ததும், அறிகுறிகள் ஒரு மாதத்தைத் தாண்டி நீடித்ததும், அந்தக் காட்சி வலிய வந்து போவதும் சேர்ந்து பார்த்தபோது மருத்துவர் பிடிஎஸ்டி என்றும், கூடவே மனச்சோர்வு என்றும் முடிவு செய்தார்.

ஆனால் அந்தப் பெயரில் ஒரு இடர்ப்பாடு உண்டு. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் போராடியதால் 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் சேர்ந்த நோய் அது. போர் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களை மனதில் வைத்தது. இந்த அம்மாவுக்கு எதுவும் முடியவில்லை. கல் வயலிலேயே நிற்கிறது, வழக்கு நடக்கிறது, ஜீப் மறுபடி வரலாம். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சிக் காலத்தில் வேலை செய்த உளவியலாளர்கள் 1980-களில் இதே சிக்கலைச் சந்தித்து, தொடர் அதிர்ச்சி என்ற கருத்தை முன்வைத்தார்கள். அவர்கள் எழுதியது எங்களுக்கு வழிகாட்டியது. ஆபத்து நீங்காத இடத்தில் பயப்படும் பொருளின் அருகே படிப்படியாகக் கொண்டுபோய்ப் பழக்கும் முறையைத் தொடங்க வேண்டாம் என்று முடிவெடுத்தோம். கல்லைப் போய்ப் பாருங்கள் என்று அவரிடம் ஒருமுறையும் சொல்லவில்லை.

மனச்சோர்வுக்கும் பிடிஎஸ்டிக்கும் தரும் செர்ட்ரலின் மருந்தைக் குறைந்த அளவில் ஆரம்பித்து, அல்பிரசோலத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார் மருத்துவர். திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் பதற்றமும் கூடும். படபடப்புக்கு வழக்கமாகத் தரும் புரோபிரனலால் வீசிங் உள்ளவர்களுக்கு ஆகாது என்பதால் அதைத் தொடவில்லை.

சான்றிதழ் கேட்டு வந்தவர்கள்

கொழுந்தனார் தனியாக ஒருநாள் வந்தார். அவருக்கு இழப்பீட்டை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடலாம் என்ற எண்ணம். அதுவும் ஒரு நியாயம்தான், அவருக்கும் கடன் இருந்தது. தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி அறிவிக்கை வந்த 21 நாட்களுக்குள் ஆட்சேபணை தரலாம். அம்மா தந்திருந்தார். அதைத் திரும்பப் பெற, "அண்ணிக்குப் புத்தி சுவாதீனம் இல்லைன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க, நான் கையெழுத்துப் போட்டுக்கறேன்" என்றார்.

மறுத்தோம். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018-ல்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் புத்தி சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார், அப்படி அறிவிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே என்று அதன் 3-ஆம் பிரிவு சொல்கிறது. ஒருவருடைய அரசியல், பொருளாதார, சமூக நிலையை வைத்தோ, ஊரில் நிலவும் அரசியல் கருத்துக்கு அவர் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்தோ மனநோயைத் தீர்மானிக்கக் கூடாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. தூக்கமில்லாத அந்த நாட்களிலும் அந்த அம்மாவுக்குத் தன் நிலத்தின் நான்கெல்லையும் தெரியும், எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்பதும் தெரியும்.

அடுத்து மகன் வந்தார், கையில் எதிர்ப்பக்கக் கோரிக்கை. அளவையால்தான் அம்மாவுக்கு மனநோய் வந்தது என்று எழுதிக்கொடுத்தால் வழக்கில் சேர்க்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் மனம் இவர் பக்கம்தான். இருந்தாலும் அம்மாவிடம் தனியாகக் கேட்டோம். "பைத்தியம்னு எழுதுன காயிதத்தை வெச்சு என் பூமி எனக்கு வேணாம். பூமி என்னுது, அதுக்குச் சிட்டா போதும்" என்றார். நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காப்பது சட்டப்படி அவருடைய உரிமை. அவர் வேண்டாம் என்ற பிறகு அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. மகனுக்குக் கோபம், சில மாதங்கள் எங்கள் பக்கம் வரவில்லை.

தொடர்ந்து நடந்தவை

அம்மாவுக்கு எழுதி வைக்கப் பழக்கமில்லை. அதனால் இரண்டு டம்ளரும் ஒரு பிடி புளியங்கொட்டையும் எடுத்துக்கொண்டோம். நெஞ்சு அடித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் முதல் டம்ளரில் ஒரு கொட்டை. நிலத்துக்காக யாராவது நிஜமாகவே வந்தாலோ, காகிதம் ஏதாவது வந்தாலோ இரண்டாவதில் ஒன்று. வாரக் கடைசியில் மருமகள் எண்ணுவார். முதல் டம்ளர் நிரம்பியிருக்கும், இரண்டாவதில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சில வாரம் ஒன்று இருக்கும், அப்போது அதைப் பற்றி மட்டும் பேசுவோம்: என்ன காகிதம், யாரிடம் காட்டுவது, எத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும். பயம் பொய் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. உடம்பு அடிக்கும் மணியையும் வாசலில் கேட்கும் மணியையும் அவரே பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்.

அன்று மண்டபத்தில் கூட இருந்த பெண்கள் சிலரும் தூக்கமில்லாமல் இருப்பது மருமகள் மூலம் தெரிய வந்தது. ஒரு வீட்டுத் திண்ணையில், கிழங்கு அறுவடை இல்லாத நாளாகப் பார்த்து, கூடிப் பேச ஏற்பாடு செய்தோம். முதல் நாள் யாரும் பேசவில்லை, பூக் கட்டினார்கள். அப்புறம் ஒருத்தர், வேனில் ஏறும்போது தன் புடவை கிழிந்ததைச் சொன்னார். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். தலை அவிழ்ந்த அவமானம் தனக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைத்திருந்த அம்மா அன்று எல்லோர் முன்னாலும் அழுதார். மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், அதுவும் அதே சமயத்தில் பலன் தந்தது. பொங்கல் நெருங்கும்போது இரவில் ஐந்து மணி நேரம் தூங்கினார். கிணற்று எண்ணம் வருவதில்லை என்றார்.

2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நிலம் கையகப்படுத்தும் அறிவிக்கைகளை ரத்து செய்தது, வருவாய்ப் பதிவேடுகளில் மாற்றிய பெயர்களைத் திருத்தவும் உத்தரவிட்டது. ஊரில் பட்டாசு வெடித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு அம்மா வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். நல்ல சேதியைக் கேட்டும் உடம்பு பழைய ஜூன் மாதத்திலேயே நின்றதைப் பார்த்து மகன் கலங்கிப்போய் எனக்கு போன் செய்தார். விலகிப் போயிருந்தவர் மறுபடி வந்தது அதனால்தான். வழக்கு முடிந்தால் அம்மா சரியாகிவிடுவார் என்றே அவர் அதுவரை நம்பியிருந்தார்.

சிட்டாவில் பெயர் திரும்பி வரத் தாமதமானது. அந்த மாதங்களில் மகனே இணையத்தில் பார்த்து அம்மாவுக்குச் சொல்லிவிடுவது என்று பேசிக்கொண்டோம். அவர் தினமும் கேட்பதைக் குறைத்து வாரம் ஒரு நாள் என்று வைத்தோம். மருந்தை 2020-ன் தொடக்கத்தில் மருத்துவர் குறைத்து நிறுத்தினார். ஊரடங்கு காலத்தில் போனில் பேசினோம்.

2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், சட்டப்படியான நடைமுறையோடு நிலம் எடுப்பதைத் தொடரலாம் என்றது. பதிவேட்டில் முன்கூட்டியே பெயரை மாற்றியது செல்லாது, உரிமையாளர்கள் பெயரைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்ற உத்தரவை மட்டும் அப்படியே வைத்தது. அன்றிரவு அம்மா தூங்கவில்லை. மறுநாள் காலை புளியங்கொட்டை டம்ளர்களை அவரே எடுத்து வைத்ததாக மருமகள் சொன்னார். மருந்து மறுபடி தேவைப்படவில்லை.

அம்மா இன்றும் போலீஸ் வண்டியைக் கண்டால் ஒதுங்கி நிற்கிறார். கொழுந்தனாரோடு பேச்சுவார்த்தை இல்லை, கூட்டுப் பட்டா பிரிக்கப்படவில்லை. சம்பங்கியை மறுபடி நட்டிருக்கிறார், கல்லிலிருந்து தள்ளி, கிணற்றுக்கு மறுபக்கம்.

மாறியவையும் மாற வேண்டியவையும்

நிலம், கடன், வழக்கு சம்பந்தமாக யார் எங்களிடம் வந்தாலும் இப்போது காகிதங்களோடு வரச் சொல்கிறோம். அவர் சொல்வதைப் பதிவேட்டில் சரிபார்த்த பிறகே சந்தேகம், பிரமை போன்ற சொற்கள் குறிப்பேட்டில் ஏறும். சான்றிதழ் கோரிக்கை குடும்பத்திலிருந்து வந்தால் நோயாளியைத் தனியாக அழைத்துக் கேட்கிறோம், அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி வைக்கிறோம்.

ஊரில் கிராம சுகாதார செவிலியருக்கு எல்லா வீடும் தெரியும். அளவை, வீடு இடிப்பு, ஆட்களை அப்புறப்படுத்துவது போன்ற ஏதாவது நடந்தால் ஒரு மாதம் கழித்து அந்த வீடுகளில் தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க அவருக்குப் பயிற்சி கொடுத்தால் போதும், மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கும் நிலைக்கு முன்பே பலரைப் பிடித்துவிடலாம். 2022-லிருந்து 14416 என்ற டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவி எண், இருக்கிறது. இலவசம், தமிழிலேயே பேசலாம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் எந்த நேரமும் அழைக்கலாம். ஊர் வேலைக்குப் போகும்போது ரேஷன் கடைச் சுவரில் அந்த எண்ணை ஒட்டிவிட்டு வருகிறோம்.

அரசுப் பணிக்காக நிலத்துக்குள் வருபவர்களிடம் கேட்க எங்களுக்கு ஒன்று உண்டு, அதை அந்த அம்மாவும் திண்ணையில் சொல்லியிருக்கிறார். எந்தத் தேதியில், எந்தப் புல எண்ணில், யார் வருகிறார்கள் என்று வீட்டுக்கு முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். வயதானவர்களையும் வீசிங் உள்ளவர்களையும் வேனில் அடைக்கக் கூடாது. பதிவேட்டில் பெயரில் கை வைக்கும் முன் உரியவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.